வன்கண்ணும் கண்ணோட்டமும்

துலாக்கோலை நடுவுநிலைமைக்கு உவமையாகக் காட்டியவர் வள்ளுவர். ஒருபாலும் சாயாது நிற்றல் கோலுக்கு இயல்பு, சான்றோர்க்கு அணி. உழைப்பின் அளவே கூலி, குற்றத்தின் அளவே தண்டம், தகுதியின் அளவே பரிசு என்று நிறுத்துப் பார்க்கும் மனம் தமிழர்க்கு இவ்வழி வந்தது. மகன் என்றும் பாராது தேர்க்காலில் இட்ட சோழனையும், தன் தீர்ப்புத் தவறியது கண்டு அரியணையிலேயே உயிர்விட்ட பாண்டியனையும் ஒருங்கே போற்றும் இனம், நீதியைக் கோலாக நிறுத்திப் பார்ப்பதில் வியப்பில்லை.

அத்தகைய நெஞ்சத்தோடு மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைத் திறப்பவர் முதலில் திகைப்பர். விடியற்காலை முதல் வெயிலில் வாடியவனுக்கும், மாலையில் ஒருமணி நேரமே உழைத்தவனுக்கும் ஒரே கூலி கொடுக்கிறான் ஒரு திராட்சைத் தோட்டத்து உரிமையாளன். விண்ணரசு இதற்கு ஒப்பாகும் என்கிறார் இயேசு பெருமான். கோல் சாய்ந்துவிட்டதா? கடவுளின் அருள் மனிதரின் நியாயத்தைப் பொய்யாக்குகின்றதா?

கிறித்தவ சமயத்தார் நெடுங்காலமாக எண்ணிவரும் இவ்வினா, எச்சமயத்தைச் சார்ந்த தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய வினாவேயாம். இதற்கு விடைகாண உதவும் திறவுகோல் ஒன்று தமிழ் மொழிபெயர்ப்பில், ஒரே சொல்லில், பொதிந்து கிடக்கிறது. பேராக் மாநிலத்துப் பால்மரக் காடுகளில் கூலிக்கு உழைத்தோரின் வாழ்வு, அச்சொல்லின் மாற்றை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல்லாக அமைகின்றது.

கதையும் அதன் கட்டும்

கதை சிறியது. தோட்டத்து உரிமையாளன் விடியற்காலையில் கடைத்தெருவுக்குச் சென்று, நாளொன்றுக்கு இன்ன கூலி என்று பேசி ஆட்களை அமர்த்துகிறான். பின்னர்க் காலை ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணியளவிலும் சென்று, சும்மா நிற்பவர்களைக் கண்டு தோட்டத்திற்கு அனுப்புகிறான். பொழுது சாய ஒருமணி நேரமே இருக்கையில் மீண்டும் செல்கிறான். அப்பொழுதும் சிலர் நிற்கின்றனர். நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்க, எங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கின்றனர். அவர்களையும் அனுப்புகிறான். மாலையில் கடைசியில் வந்தவர் தொடங்கி முதலில் வந்தவர் ஈறாகக் கூலி கொடுக்கப்படுகிறது. எல்லார்க்கும் ஒரே தொகை. முதலில் வந்தோர் முணுமுணுக்கின்றனர்.

இக்கதையின் கட்டுக்கோப்பில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, கூலி கொடுக்கும் வரிசை. முதலில் வந்தவர்க்கு முதலில் கொடுத்திருந்தால், அவர்கள் பேசிய கூலியைப் பெற்றுக்கொண்டு மகிழ்வோடு வீடு சென்றிருப்பர். கதையில் சிக்கலே தோன்றியிராது. வரிசையைத் தலைகீழாக்கியதனால் அவர்கள் நின்று பார்க்க நேர்ந்தது. பார்த்ததனால் எதிர்பார்ப்பு எழுந்தது. எதிர்பார்ப்பினால் ஏமாற்றமும், ஏமாற்றத்தினால் முறையீடும் எழுந்தன. ஆகவே அவர்தம் குறை கைப்பையில் பிறந்ததன்று, கண்ணில் பிறந்தது.

இரண்டாவது, முறையீட்டின் சொற்பொருள். எங்களுக்குக் குறைத்துக் கொடுத்தீர் என்று அவர்கள் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல இயலாது. பேசிய கூலி முழுமையாகக் கைக்கு வந்துவிட்டது. இவர்களை எங்களுக்குச் சமமாக்கிவிட்டீரே என்பதே அவர்தம் குறை. அநீதியை எதிர்ப்பது போன்ற குரலில் அவர்கள் எதிர்ப்பது சமநிலையையே என்பதைக் கதை நுட்பமாக உணர்த்துகிறது.

மூன்றாவது, உரிமையாளனின் நடை. அவனிடம் கூலி வழங்கும் மேற்பார்வையாளன் ஒருவன் இருக்கிறான். ஆயினும் ஆள் தேடிக் கடைத்தெருவுக்கு ஐந்துமுறை செல்பவன் உரிமையாளனே. கூலி கொடுப்பதற்குக் கையாளை ஏவுபவன், நிற்பவர்களைக் காண்பதற்குத் தானே செல்கிறான். கொடுப்பதற்குமுன் காண்கிறான் என்பது கதையின் குறிப்பு. கண் என்னும் உறுப்பே இக்கதையின் நடுநரம்பு.

பெரட்டுக்களத்திலிருந்து

பேராக் மாநிலத்தில் ரப்பர் வேர்கொண்ட வரலாறு பழையது. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாய் நிற்கிறது. ஈப்போவைச் சூழவும், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரங்களிலும் பின்னர் எழுந்த தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். அவர்களுட் கிறித்தவரும் இருந்தனர். பாகான் செராயில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்று அமைந்தது. ஈப்போவில் சிலிபின் லூர்து அன்னை ஆலயமும் மெதடிஸ்த் திருச்சபையும் தமிழில் வழிபாடு நடத்திவந்துள்ளன. ஆகவே திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் கதை, இப்பகுதித் தமிழரின் செவியில் தொலைநாட்டுக் கதையாக விழுந்திராது.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்றல், கிராணி பெயர் கூப்பிடுதல், செக்ரோலில் பெயர் விழுதல், விழாவிட்டால் அன்றைய கூலி இல்லையாதல் ஆகியவை தோட்டத்தின் அன்றாட நடைமுறைகள். மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. நோயுற்றால் பெயர் விழாது. உழைக்க மனமிருந்தும் வேலையின்றி நிற்பது சோம்பலன்று என்பதை ஏட்டைப் படித்து அறியவேண்டிய தேவை அம்மக்களுக்கு இருக்கவில்லை. எங்களை எவரும் அமர்த்தவில்லை என்னும் விடையைக் கடைசி நேரத்து ஆட்கள் சொல்லும்போது, அதன் வலி பெரட்டுக்களத்தை அறிந்தவர்க்குத் தெளிவாகப் புலப்படும். கடைத்தெருவில் மாலைவரை வெறுமனே நின்றவன் களைப்பறியாதவன் அல்லன். தோட்டத்தில் உழைத்தவன் மேனி களைத்தது. கடைத்தெருவில் நின்றவன் நெஞ்சு களைத்தது. மாலையில் வீடு திரும்பும்போது இருவர் வீட்டிலும் உலை ஒன்றே. பிள்ளைகளின் பசியும் ஒன்றே. கதையிற் பேசப்படும் தொகை, அக்காலத்தில் ஒரு தொழிலாளி குடும்பம் ஒருநாள் உண்டு உயிர்வாழப் போதுமான கூலி. அதனைப் பன்னிரண்டாகக் கூறிட்டு ஒரு பங்கை மட்டும் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும், அடுப்பு எரிந்திராது.

எனினும் இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. என்னுடையதை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமையில்லையா என்று கதையின் உரிமையாளன் வினவுகிறான். இவ்வினாவைத் தோட்ட முதலாளிகளும் வேறு பொருளில் எழுப்பியதுண்டு. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930ஆம் ஆண்டில், இந்தியத் தொழிலாளர்க்கு வரையறுக்கப்பட்டிருந்த நாட்கூலி ஆண்களுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வேலையிழந்தோர் பெருந்தொகையினராகக் கப்பலேற்றித் தாயகத்திற்கு அனுப்பப்பட்டனர். 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. சட்டப்படி நிலம் உரிமையாளருடையதே. ஆயினும் தம்முடையதைத் தம் விருப்பப்படி செய்தமையால் பிறர் வாழ்வு சிதைந்தது.

கதையின் உரிமையாளனும் அதே உரிமையைப் பேசுகிறான். ஆனால் அவ்வுரிமையை ஒரே திசையில்தான் செலுத்துகிறான். எவர் கூலியையும் அவன் குறைக்கவில்லை. முதலில் வந்தவனுக்குப் பேசியது பேசியபடி. அதற்குப் பின்னரே மற்றவர்க்குக் கொடை. நீதியைச் செலுத்தி முடித்த கையே அருளைச் செலுத்துகிறது. இவ்வரிசை மாறினால் கதை பாழாகும். கூலியைக் குறைத்துவிட்டு, பொறுமையாயிருங்கள், கடவுள் இரங்குவார் என்று தொழிலாளிக்குப் போதிப்பது இவ்வுவமையைத் திருடுவதாகும். அருளின் பெயரால் நியாயத்தை மறுப்போர்க்கு இக்கதையில் இடமில்லை.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டு, தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்கினர். அவர்கள் இரக்கத்தை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவில்லை. என்னுடையது என்னும் சொல்லைத் தாமே சொல்லத் தகுதி தேடினர். பின்னாளில், 2013ஆம் ஆண்டில், தீபகற்ப மலேசியாவில் மாதத்திற்கு 900 ரிங்கிட் எனக் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாயிற்று. 2025ஆம் ஆண்டில் அது 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் நீதியின் தளத்தைச் சேர்ந்தவை. தளம் இல்லாமல் அருள் என்னும் மாடத்தை எழுப்புதல் இயலாது.

வன்கண் என்னும் சொல்

இனி, முன்னர்க் குறித்த திறவுகோலுக்கு வருதல் தகும். உரிமையாளன் தன் விடையை ஒரு வினாவாக முடிக்கிறான். கிரேக்க மூலத்தில், நான் நல்லவனாயிருப்பதால் உன் கண் பொல்லாததாயிற்றோ என்னும் பொருளில் அவ்வினா அமைந்துள்ளது. பொல்லாத கண் என்பது பிறர் பெறும் நன்மையைக் கண்டு பொறாத நோக்கைக் குறிக்கும் மரபுத்தொடர். புரோட்டஸ்டண்டுத் திருச்சபைகளில் வழிவழியாக ஓதப்பட்டுவரும் பழைய தமிழ்த் திருப்புதல், இவ்விடத்தில் ‘வன்கண்ணன்’ என்னும் சொல்லை ஆள்கிறது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பொறாமை’ என்று எளிமையாக்கியது. பின்னது எளிதில் விளங்கும், ஐயமில்லை. ஆயினும் முன்னதில் கண் இருக்கிறது. பின்னதில் கண் மறைந்துவிட்டது. பார்த்ததனால் பிறந்த முறையீடு என்னும் கதையின் நடுநரம்பு, பழைய சொல்லிலேதான் துடிக்கிறது.

தமிழுக்கு இச்சொல் புதியதன்று. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில், 228ஆம் குறளில், வள்ளுவர் வன்கண்ணரைப் பற்றிப் பேசுகிறார். தம் பொருளைச் சேர்த்துவைத்துப் பின் இழந்துபோகும் வன்கண்ணர், கொடுத்து மகிழும் இன்பத்தை அறியமாட்டாரோ என்று அவர் வியக்கிறார். அமைச்சியலில் அதே சொல் அஞ்சாமை என்னும் நற்பொருளிலும் ஆளப்படுவதுண்டு. ஆனால் ஈகையை அடுத்து நிற்கும்போது அது கொடுமையைச் சுட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர், அறிந்தோ அறியாமலோ, பாலஸ்தீனத்துக் கூலிக்காரனைக் குறளின் ஈகை அதிகாரத்திற்குள் நிறுத்திவிட்டார். கொடுக்காதவன் மட்டும் வன்கண்ணன் அல்லன். பிறன் கொடுக்கும்போது உடன் மகிழாதவனும் வன்கண்ணனே என்று சொல்லின் எல்லை இவ்விடத்தில் விரிகின்றது.

வன்கண்ணுக்கு மறுதலை கண்ணோட்டம். வள்ளுவர் இதற்குத் தனியதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் நிற்கும் இடமும் கருதத்தக்கது. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவற்றை அடுத்து அரசியலில் அது வைக்கப்பட்டுள்ளது. கண்ணோட்டம் நீதிக்குப் பகையென்று வள்ளுவர் கருதியிருந்தால், கோலேந்தும் அரசனுக்கு அதனைக் கற்பித்திருக்கமாட்டார். தன் கடமை சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கு உலகமே உரியது என்று அவர் கூறும்போது, இரண்டையும் ஒரே கையில் ஏந்தும் ஆற்றலைப் போற்றுகிறார். பரிமேலழகரும் இதனை முறைசெய்தலோடு இயைத்தே பொருள் காண்பர். கடமை சிதையாமை என்பது திராட்சைத் தோட்டத்தில் முதலில் வந்தவர்க்குக் கொடுத்த முழுக்கூலி. கண்ணோடுதல் என்பது கடைசியில் வந்தவர்க்குக் கொடுத்த அதே கூலி. காலத்தாலும் நாட்டாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு நூல்கள் ஒரே வரிசையைப் பேணுவது வியக்கத்தக்கதே.

இன்னொரு சிறுகுறிப்பும் உண்டு. முறையிட்டவனை உரிமையாளன் தோழனே என்று விளிக்கிறான். தோட்டத்துத் துரையிடம் குறைசொல்லச் சென்ற தொழிலாளி எத்தகைய விளிகளைக் கேட்டிருப்பான் என்பதைப் பழைய தோட்டங்களை அறிந்தோர் அறிவர். வன்கண்ணனிடத்தும் கண்ணோடுகிறான் கதையின் உரிமையாளன். கடைசியில் வந்தவன் பெற்றது கூலியாகிய அருள். முதலில் வந்தவன் பெற்றது விளியாகிய அருள்.

விடை எழுதப்படாத வினாக்கள்

இதே சிக்கலை விவிலியம் வேறிரு கதைகளிலும் எழுப்புகிறது. லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில், சொத்தை அழித்துத் திரும்பிய இளைய மகனுக்குத் தந்தை விருந்து வைக்கிறார். வயலிலிருந்து திரும்பும் மூத்த மகன் வீட்டிற்குள் நுழைய மறுக்கிறான். இத்தனை ஆண்டு உழைத்த எனக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் இல்லையே என்கிறான். அவனுடைய குறையில் நியாயம் இல்லாமலில்லை. கடமை தவறாத பிள்ளைகளைப் பெற்ற எந்த வீட்டிலும் அக்குரல் கேட்கும். தந்தை வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். என்னுடையவை எல்லாம் உன்னுடையவை என்று உறுதி கூறுகிறார். அவன் உள்ளே சென்றானா? கதை சொல்லவில்லை.

பழைய ஏற்பாட்டு யோனாவின் கதையும் அத்தகையதே. நினிவே நகரம் அழியும் என்று அறிவித்த இறைவாக்கினர், அந்நகரத்தார் மனந்திரும்பியதால் கடவுள் அழிவை விலக்கிக்கொண்டபோது சினம் கொள்கிறார். கடவுள் இரக்கமுள்ளவர் என்பது தமக்கு முன்பே தெரியும் என்பதுதான் அவர் சினத்திற்குக் காரணம். வாடிப்போன ஒரு செடிக்காக இரங்கும் நீ, இலட்சத்து இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களும் மிகுந்த கால்நடைகளும் வாழும் நகரத்திற்காக நான் இரங்கலாகாதா என்று கடவுள் வினவ, நூல் அவ்வினாவோடு நின்றுவிடுகிறது.

மூன்று கதைகளிலும் நியாயம் பேசுபவனிடம் ஒரு வினா விடப்படுகிறது. அல்லது வாயில் ஒன்று திறந்து வைக்கப்படுகிறது. மூன்றிலும் அவனுடைய விடை எழுதப்படவில்லை. இஃது உத்திக்காகச் செய்யப்பட்டதாகத் தோன்றவில்லை. விடையைக் கேட்பவரே சொல்லவேண்டும் என்பதனால் அவ்வாறு அமைந்தது. நீதிநூல் முடிவைச் சொல்லும். உவமை முடிவைக் கேட்கும். பாடநூலில் கதையின் அடியில் நீதி என்று ஒருவரி எழுதிப் பழகியோர்க்கு இது சற்று இடர்ப்பாடாகவே இருக்கும்.

தேர்க்காலும் சிலுவையும்

அருளை எதிர்த்துத் தமிழ்மரபு எழுப்பத்தக்க மிக வலிய மறுப்பு, சேக்கிழார் பாடிய மனுநீதிச் சோழன் வரலாற்றில் உள்ளது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மகனுக்கு இரங்குங்கள், கழுவாய் செய்தாற் போதும் என்று அமைச்சர் கூறுகின்றனர். சோழன் ஏற்கவில்லை. ஏன்? அவன் இரக்கமற்றவன் என்பதனாலன்று. மகனுக்கு இரங்கினால் அவ்விரக்கத்தின் விலையைச் செலுத்தவேண்டியது பசுவாகும். தாய்ப்பசுவின் இழப்பைத் தன் மகனுக்காகத் தள்ளுபடி செய்ய அரசனுக்கு உரிமையில்லை. பிறருடைய பொருளிலிருந்து தருமம் செய்வது தருமமன்று. ஆகவே அவன் தானே தேரூர்ந்து, பசு அடைந்த துயரைத் தானும் அடைகிறான். அதற்குப் பின்னரே இறைவன் தோன்றுகிறான்; கன்றும் மகனும் உயிர்பெற்று எழுகின்றனர். அரசன் நீதியைத் தன் எல்லைவரை நிறைவேற்றினான். அதற்கப்பால் அருள் நிகழ்ந்தது.

இவ்வரலாறு ஓர் அளவுகோலைத் தருகிறது. அருள்பவன் தன் சொந்தக் கைப்பொருளிலிருந்து அருளவேண்டும். திராட்சைத் தோட்டத்து உரிமையாளன் இவ்வளவுகோலில் தேறுகிறான். அவன் கொடுத்த கூடுதற்பொருள் அவனுடையதே. ஆனால் பாவ மன்னிப்பு என்னும் பெருங்கொடைக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால் என்னாகும்? ஒருவன் பிறனுக்கு இழைத்த தீமையைக் கடவுள் மன்னித்துவிட்டால், பாதிக்கப்பட்டவன் பசுவின் நிலையில் நிற்கமாட்டானா?

இவ்வினாவின் முன் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை வைத்துப் படித்தல் பயன் தரும். 1827ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் தோன்றி, 1858ஆம் ஆண்டில் கிறித்தவரானவர் அவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டிபோல் உயிர் இறைவனைப் பற்றவேண்டுமா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டிபோல் வாளாவிருந்தால் போதுமா என்று வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் வழக்கிட்டு வந்தனர். அருளுக்குத் தகுதி வேண்டுமா என்னும் வினா ஐரோப்பியர் கொண்டுவந்த சரக்கன்று. தமிழ் மண்ணிலும் விளைந்ததே. அம்மண்ணிலிருந்து சென்றவர் கிருஷ்ண பிள்ளை.

ஜான் பனியன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, 1894ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட காப்பியம் ஐந்து பருவங்களால் அமைந்தது. மூலத்தில் விரிவாக இடம்பெறாத இயேசுவின் பாடுகளை அவர் தம் காப்பியத்தின் நடுவே விரித்துப் பாடினார். மொழிபெயர்ப்பாளராக மட்டும் அவர் இருந்திருந்தால் இதற்குத் தேவையில்லை. காப்பியத் தலைவன் பயணம் செய்து வீடுபேறு அடைவது எந்த உரிமையால் என்பதைக் காட்டாமல் மேற்செல்ல, நீதியுணர்வு மிக்க அத்தமிழ்ப்புலவரால் இயலவில்லை எனலாம். மன்னிப்புக்கு விலை உண்டு. அவ்விலையை மன்னிப்பவனே செலுத்தினான் என்பது அவர் கண்ட விடை.

சோழனும் மகனைக் கொடுத்தான். கிறித்தவக் காப்பியம் காட்டும் விண்ணரசரும் மகனைக் கொடுத்தார். இரண்டிலும் நீதி வளைக்கப்படவில்லை. ஆனால் வேற்றுமை ஒன்று கூர்மையானது. சோழன் மகன் குற்றம் தன்னிடத்து நிகழ்ந்தவன். சிலுவையில் இறந்தவர் குற்றமற்றவர். குற்றமற்றவர் தண்டிக்கப்படுவது நீதியாகுமா என்று நடுவுநிலையாளர் கேட்பர், கேட்பதே முறை. பிறரால் பலியாக்கப்பட்டிருந்தால் அது பெருங்கொடுமை; தாமே முன்வந்து ஏற்றதனால் அது கொடை என்பதே கிறித்தவப் புலவர் தரும் விடை. இவ்விடை எல்லாரையும் நிறைவுசெய்யும் என்று சொல்வதற்கில்லை. பாதிக்கப்பட்டவனின் கண்ணீர்க்கு அது முழு ஈடாகுமா என்னும் ஐயம் எஞ்சவே செய்யும். கிறித்தவ அறம் அதனை உணர்ந்தே இருக்கிறது. எரிகோவின் வரிதண்டுவோன் சக்கேயு இயேசுவைத் தன் இல்லத்தில் ஏற்றபோது, எவரிடமாவது ஏமாற்றிப் பெற்றதை நான்மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறியதை லூக்கா நற்செய்தி குறிக்கிறது. அருள் பெற்றவன் செய்த முதல்வேலை கணக்குத் தீர்த்தல். அருள் நியாயத்தை அழிக்கவில்லை. அதுவரை நியாயம் செய்யாதவனை நியாயம் செய்யத் தூண்டியது.

நீதிபதியின் கொடை

நீதியும் அருளும் ஒரே மனிதரிடத்தில் குடியிருக்க இயலுமா என்பதற்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வு சான்று. 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதிபதியாய் இருந்தார். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தால் தமிழ்ப் புதினத்தின் தந்தையெனப் போற்றப்படும் அவர், அதற்கு முன்னரே நீதிநூல் இயற்றியவர். கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்துப் பாடியவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து, வழக்கறியாத மக்களுக்கும் நியாயம் எட்டவேண்டும் என்று உழைத்தவர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, அவர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். அவருடைய வள்ளன்மையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிச் சிறப்பித்தார். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. நீதிமன்றத்தில் அவர் எவருக்கும் இரங்கிக் கோலைச் சாய்க்கவில்லை. பசித்தவன் முன்னர்க் கோலை எடுக்கவுமில்லை. கஞ்சி வார்க்குமுன் இவன் எத்தனை மணி உழைத்தான் என்று கேட்பவர் எவருமிலர். தீர்ப்பு மன்றத்தின் பொருள். கஞ்சி அவருடைய பொருள். முன்னதில் நடுவுநிலைமை, பின்னதில் கண்ணோட்டம். இவற்றை இடம் மாற்றி வைப்பதே கைக்கூலியும் கஞ்சத்தனமும் ஆகும்.

கடைத்தெருவில் நிற்போர்

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவது இது. அருளும் நியாயமும் பகைவர் அல்லர். பிறர்க்கு உரியதைக் கொடுத்தல் நியாயம். தனக்கு உரியதைக் கொடுத்தல் அருள். முன்னதைச் செய்யாமல் பின்னதைப் பேசுவோன் பொய்யன். முன்னதைப் பெற்றபின் பின்னதைக் கண்டு பொறாதவன் வன்கண்ணன். முதற்குற்றம் பெரும்பாலும் உடையவரிடத்து நிகழ்வது. இரண்டாவது இல்லாதவரிடத்தும் நிகழ்வது. அதனாலேயே இரண்டாவதை உணர்தல் அரிது.

பேராக்கின் பழைய பால்மரத் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் ஈப்போவின் பள்ளிகளில் பயில்கின்றனர். செம்பனைத் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பிற நாட்டவரும் உழைக்கின்றனர். தாயகம் விட்டு வந்து, பிறர் மொழியில் பெயர் கூப்பிடப்பட்டு, விடியுமுன் வரிசையில் நிற்போர் இப்பொழுது அவர்களே. இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, அவர்களையும் உள்ளடக்குகிறது. முந்தி வந்து வெயிலில் வாடியவர்களின் வழித்தோன்றல்கள், பிந்தி வந்தோர்க்கும் அதே கூலி என்பதை எந்தக் கண்ணால் பார்க்கின்றனர்? தம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டதை நினைத்து இவர்களுக்கும் மறுக்கவேண்டும் என்பரா? மறுக்கப்பட்டதன் வலியை நினைத்து இவர்களுக்கேனும் கிடைக்கட்டும் என்பரா?

இக்கதையை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை நோக்கி, முதலில் வந்தவர்க்கு அநீதி இழைக்கப்பட்டதா என்று கேட்கலாம். பெரும்பாலோர் ஆம் என்றே கையுயர்த்துவர். கடைசியில் வந்தவன் உன் தந்தையாக இருந்தால் என்று அடுத்துக் கேட்கலாம். உயர்ந்த கைகள் சில தயங்கும். அத்தயக்கம் விடையன்று, விடையின் தொடக்கம். திராட்சைத் தோட்டத்து உரிமையாளன் வினவியதும் அவ்வளவே. அதற்குமேல் அவன் வற்புறுத்தவில்லை. கூலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றான். போகும் வழியில் அவன் பக்கத்தில், அதே கூலியை மடியில் முடிந்துகொண்டு, கடைசியாக வந்தவனும் நடந்திருப்பான்.